சிகிச்சைக்குப் பிந்தைய வீடு: போதையிலிருந்து மீள்வோரின் இடைக்கால உறைவிடமும் சமூகத்தின் பொறுப்பும்

போதைப் பழக்கத்திலிருந்து விடுபடுவதைப் பற்றிய நூல்களும் அரசு அறிக்கைகளும் பெரும்பாலும் மருத்துவமனை வாசலோடு நின்றுவிடுகின்றன. மதுவையோ பிற போதைப்பொருளையோ திடீரென நிறுத்தும்போது உடலில் எழும் நடுக்கம், உறக்கமின்மை, வலிப்பு முதலிய விலகல் குறிகளை மருந்தின் துணையோடு கடக்கச் செய்யும் நச்சுநீக்கக் கட்டம் சில நாட்களில் முடிந்துவிடுகிறது. அதைத் தொடரும் உள்ளுறைச் சிகிச்சையும் ஆலோசனையும் பெரும்பாலான இடங்களில் சில வாரங்களுக்கு மேல் நீள்வதில்லை. அதற்குப்பின் அந்த மனிதர் எங்கே உறங்குகிறார், யாரோடு உண்கிறார், பொழுது சாய்ந்த பின் யாருடைய துணையில் இருக்கிறார் என்பவற்றை எழுதிவைக்க மருத்துவக் குறிப்பேட்டில் இடமில்லை. ஆனால் மீட்சி நிலைபெறுவதும் குலைவதும் பெரும்பாலும் அந்த மாலைப் பொழுதுகளில்தான். சிகிச்சைக்கும் இயல்பு வாழ்க்கைக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியில் ஒரு மனிதர் தங்கும் வீட்டைப் பற்றியும், அந்த வீடு நிலைத்து நிற்பதற்குச் சுற்றியுள்ள சமூகம் செய்ய வேண்டியதைப் பற்றியும் ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

சிகிச்சை முடித்தவர்களில் பலர் முதல் சில மாதங்களுக்குள்ளேயே பழைய பழக்கத்துக்குத் திரும்பிவிடுவது உலகெங்கும் மருத்துவர்கள் அறிந்த உண்மை. மறுசறுக்கல் எனப்படும் இந்தத் திரும்புதலை மன உறுதிக் குறைவு என்று மட்டும் கருதுவது அறியாமை. நெடுநாள் போதைக்குப் பழகிய மூளையில் ஏற்பட்ட மாற்றங்கள் சீராக மாதங்களும் ஆண்டுகளும் தேவைப்படுகையில், மனிதரோ அதே தெருவுக்கும், அதே கூட்டாளிகளுக்கும், தீராத கடனுக்கும், நம்பிக்கை இழந்துபோன குடும்பத்துக்கும் ஒரே நாளில் திருப்பி அனுப்பப்படுகிறார். திரும்பிச் செல்ல வீடே இல்லாதவரின் நிலை இதனினும் கொடியது. ஹெராயின் போன்ற அபின் வகைப் போதைப்பொருள்களுக்கு அடிமைப்பட்டவருக்கு இக்காலம் உயிராபத்தும் நிறைந்தது. சிகிச்சைக் காலத்தில் உடலின் தாங்குதிறன் குறைந்துவிட்டிருப்பதால், முன்பு எடுத்த அதே அளவை மீண்டும் எடுத்தால் மூச்சடங்கி இறக்க நேரிடலாம்.

இந்த இடைவெளியை நிரப்பும் வீட்டை இடைக்கால உறைவிடம் என்றும் மீட்பு இல்லம் என்றும் அழைக்கலாம். மறுவாழ்வு மையத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மறுவாழ்வு மையத்தில் மருத்துவரும் செவிலியரும் ஆலோசகரும் பணியாற்றுவர். அங்கே இருப்பவர் நோயாளி. மீட்பு இல்லத்திலோ இருப்பவர் குடியிருப்பவர். பகலில் வேலைக்குச் செல்வார், வாடகையில் தம் பங்கைக் கொடுப்பார், தம் முறை வரும்போது சமைப்பார், வீட்டில் மதுவோ போதைப்பொருளோ நுழையக் கூடாது என்ற விதிக்கு மற்றவர்களோடு சேர்ந்து கட்டுப்படுவார். இத்தகைய வீடுகளில் மிக விரிவாக ஆராயப்பட்டிருப்பது அமெரிக்காவின் ஆக்ஸ்போர்டு ஹவுஸ் என்னும் அமைப்பு என்பதால், அதன் வரலாற்றை முன்வைத்தே பொருளை விளக்குவது பொருந்தும்.

1975ஆம் ஆண்டில் மேரிலாண்டு மாநிலத்தின் சில்வர் ஸ்பிரிங் நகரில், உள்ளூர் நிர்வாகத்தின் பணத்தில் நடந்துவந்த மீட்பு இல்லம் ஒன்று நிதியின்மையால் மூடப்படும் நிலைக்கு வந்தது. அமெரிக்க நாடாளுமன்றக் குழுவொன்றில் வழக்கறிஞராகப் பணியாற்றி, குடியால் குடும்பத்தைப் பிரிந்து அங்கே வந்து சேர்ந்திருந்த பால் மொல்லாய் என்பவரும் உடனிருந்தவர்களும், இல்லத்தை மூட விடாமல் தாமே அதன் வாடகையை ஏற்று நடத்துவதென்று துணிந்தனர். கணக்குப் பார்த்தபோது, இல்லத்தின் செலவில் பெரும்பங்கு மேலாளருக்கும் பணியாளருக்குமான ஊதியமே என்பது தெரிந்தது. அவர்கள் இல்லாமல் குடியிருப்போரே நிர்வாகத்தைப் பகிர்ந்துகொண்டால் ஆளுக்குச் சிறு தொகையில் வீடு நடக்கும் என்பதும் புலப்பட்டது. பழைய இல்லத்தில் தங்குவதற்குக் காலவரம்பு இருந்ததையும், அந்த வரம்பு முடிந்து வெளியேற்றப்பட்டவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களில் மீண்டும் குடித்துவிட்டதையும் கண்கூடாகக் கண்டிருந்த அவர்கள், புதிய இல்லத்தில் காலவரம்பே வேண்டாம் என்றும் முடிவு செய்தனர். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற குடிநோயாளர் கூட்டமைப்புக்கு முன்னோடியாக இருந்த ஆக்ஸ்போர்டு குழு என்னும் இயக்கத்தின் நினைவாக வீட்டுக்கு அப்பெயர் இடப்பட்டது.

அன்று வகுத்த விதிகள் மிகச் சில. இன்றும் பெரிதாக மாறவில்லை. வீடு மக்களாட்சி முறையில் நடக்க வேண்டும். செலவு முழுவதையும் குடியிருப்போரே ஏற்க வேண்டும். மீண்டும் குடிப்பவரோ போதைப்பொருள் எடுப்பவரோ உடனடியாக வெளியேற வேண்டும். வாரம் ஒருமுறை கூட்டம் நடக்கும். தலைவர், செயலர், பொருளர் முதலிய பொறுப்புகளுக்குத் தேர்ந்தெடுக்கப்படுவோர் ஒரு பொறுப்பில் ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்க முடியாது. புதியவரைச் சேர்க்க இருப்போரில் 80 விழுக்காட்டினரின் ஒப்புதல் வேண்டும். இவற்றுள் கடைசி விதி கூர்ந்து நோக்கத்தக்கது. பல ஆண்டுகளாக யாராலும் நம்பப்படாத ஒருவர், தம்மைப் போன்றே வீழ்ந்து எழுந்த பத்துப் பேரின் முன் அமர்ந்து, அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு விடை சொல்லி, அவர்களுடைய வாக்கால் உள்ளே அழைக்கப்படுகிறார். சில மாதங்களில் அவரே மற்றொருவரைப் பற்றி வாக்களிக்கும் நிலைக்கு வருகிறார், பொருளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டால் பிறருடைய பணத்துக்குக் கணக்கும் எழுதுகிறார். குடிநோய் ஒரு மனிதரிடமிருந்து முதலில் பறித்துக்கொள்வது நம்பகத்தன்மை என்றால், அதைத் திருப்பித் தரும் வழி அறிவுரை கூறுவதன்று, பொறுப்பைக் கையில் ஒப்படைப்பதே என்பதை இந்த வீடுகள் செயலில் காட்டியுள்ளன.

இவ்வாறு தன் காலில் நிற்கும் வீட்டுக்குச் சமூகத்தின் துணை எதற்கு என்ற ஐயம் எழலாம். வரலாறு அதற்குத் தெளிவான விடை தருகிறது. 1975 முதல் பதின்மூன்று ஆண்டுகள் உழைத்தும் இந்த இயக்கத்தால் வாஷிங்டன் நகரைச் சுற்றி ஒருசில வீடுகளை மட்டுமே தொடங்க முடிந்தது. இன்றோ 3,000க்கும் மேற்பட்ட வீடுகள் இயங்குகின்றன. இந்த வேறுபாட்டுக்கு அடிப்படையாக அமைந்தவை 1988ஆம் ஆண்டில் நிறைவேறிய இரு சட்டங்கள்.

முதலாவது, போதைப்பொருள் ஒழிப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட ஒரு சிறிய பிரிவு. ஒவ்வொரு மாநிலமும் குறைந்தது 1,00,000 டாலர் கொண்ட சுழல்நிதி ஒன்றை ஏற்படுத்தி, மீட்பு இல்லம் தொடங்க விரும்பும் ஆறு பேருக்குக் குறையாத குழுவுக்கு அதிலிருந்து 4,000 டாலர் வரை கடன் தர வேண்டும். குழு அதை இரண்டு ஆண்டுகளுக்குள் தவணையாகத் திருப்பிச் செலுத்த வேண்டும் என்று அது கூறியது. தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்களை அறிந்தவர்களுக்குச் சுழல்நிதி என்பதை விளக்கத் தேவையில்லை: ஒரு குழு திருப்பிச் செலுத்தும் பணமே அடுத்த குழுவின் முதலாகிறது. வீட்டு முன்பணம், முதல் மாத வாடகை, கட்டில், சமையல் பாத்திரம் ஆகியவற்றுக்கு மட்டுமே இத்தொகை போதும். அதற்கு மேல் அரசு ஒரு வீட்டையும் நடத்தவில்லை. புதிய வீடு திறக்கையில் முன்பே நன்கு நடக்கும் வீடுகளிலிருந்து அனுபவமுள்ள இருவரோ மூவரோ சில காலம் வந்து தங்கி, கூட்டம் நடத்தவும் கணக்கெழுதவும் கற்றுத்தருவதுண்டு. கடனும் அனுபவமும் ஒருசேரக் கிடைத்த மாநிலங்களில் வீடுகள் பெருகின. 2000ஆம் ஆண்டில் இந்த நிதியை ஏற்படுத்துவது கட்டாயம் என்ற நிலை மாற்றப்பட்டு மாநிலங்களின் விருப்பத்துக்கு விடப்பட்டது; இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பயன் தந்த ஏற்பாட்டைக் கட்டாயத்திலிருந்து விலக்கியது பிழையான முடிவு என்றே சொல்ல வேண்டும்.

இரண்டாவது, நியாயமான குடியிருப்புச் சட்டத்தில் அதே ஆண்டு செய்யப்பட்ட திருத்தம். இனம், மதம் முதலியவற்றைக் காட்டி வீடு மறுப்பதைத் தடைசெய்திருந்த அச்சட்டம், மாற்றுத்திறனைக் காட்டி மறுப்பதையும் இத்திருத்தத்தால் தடைசெய்தது. போதைப் பழக்கத்திலிருந்து மீண்டுவருவோரும் இப்பாதுகாப்புக்குள் வருவர். தற்போது சட்டவிரோதப் போதைப்பொருளைப் பயன்படுத்துவோர் வாரார். மீண்டும் பழக்கத்தில் விழுந்தவர் உடனே வெளியேற வேண்டும் என்ற வீட்டு விதி, உள்ளே எஞ்சியிருப்போருக்குச் சட்டத்தின் காவலையும் உறுதிசெய்துகொடுத்தது.

அந்தக் காவலின் வலிமை வாஷிங்டன் மாநிலத்தின் எட்மண்ட்ஸ் நகரில் சோதிக்கப்பட்டது. தனிக் குடும்பங்களுக்கென ஒதுக்கப்பட்ட பகுதியில் 10 முதல் 12 பேர் வாழும் ஆக்ஸ்போர்டு இல்லம் ஒன்று 1990இல் தொடங்கப்பட்டது. நகரத்தின் விதிப்படி குடும்பம் என்பது இரத்த உறவாலோ திருமணத்தாலோ தத்தெடுப்பாலோ இணைந்த எத்தனை பேராகவும் இருக்கலாம். உறவற்றவர்கள் என்றால் ஐவருக்கு மேல் கூடாது. விதி மீறப்பட்டதென நகர நிர்வாகம் நடவடிக்கை எடுக்க, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. கட்டடத்தில் நெரிசலைத் தடுப்பதற்காக ஆள் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு விதிக்கும் விதிகளுக்குக் குடியிருப்புச் சட்டத்தில் விலக்கு உண்டு. தன் விதியும் அத்தகையதே என்பது நகரத்தின் வாதம். உறவினர் எனில் எத்தனை பேரும் வாழலாம் என்று கூறும் விதி நெரிசலைத் தடுப்பதாகாது, யார் குடும்பம் என்று வரையறுப்பதே அதன் வேலை, ஆகவே அதற்கு அந்த விலக்கு பொருந்தாது என்று 1995 மே மாதத்தில் ஆறு நீதிபதிகள் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க். நகரம் பாகுபாடு காட்டியதா என்ற கேள்வியைத் தீர்ப்பு முடித்துவைக்கவில்லை; ஆயினும் குடும்பம் என்ற சொல்லின் பின்னே ஒளிந்துகொண்டு மீள்வோரை ஊருக்கு வெளியே நிறுத்திவிட முடியாது என்பது அன்றிலிருந்து உறுதியாயிற்று.

வீடுகள் உண்மையிலேயே பயன் தருகின்றனவா என்பதை நீண்டகாலமாக ஆராய்ந்துவருபவர் சிகாகோவின் டிபால் பல்கலைக்கழக உளவியலாளர் லெனர்ட் ஜேசன். அவரும் உடனாய்வாளர்களும் இல்லினாய் மாநிலத்தில் சிகிச்சை முடித்த 150 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை ஆக்ஸ்போர்டு இல்லங்களுக்கும் மற்றவரை வழக்கமான தொடர் கவனிப்புக்கும் அனுப்பினர். தாமாக இல்லத்தைத் தேடிச் செல்வோர் இயல்பிலேயே ஊக்கம் மிகுந்தவர்கள், ஆதலால் வெற்றியை இல்லத்தின் கணக்கில் எழுத முடியாது என்ற மறுப்புக்கு இந்தக் குலுக்கலே விடை. இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான கவனிப்பில் இருந்தோரில் 64.8 விழுக்காட்டினர் மீண்டும் போதைக்குத் திரும்பியிருக்க, இல்லப் பிரிவில் திரும்பியோர் 31.3 விழுக்காடு மட்டுமே. வேலையில் இருந்தோர் இல்லப் பிரிவில் 76.1 விழுக்காடு, மறுபிரிவில் 48.6 விழுக்காடு, சிறையில் இருந்தோர் முறையே 3, 9 விழுக்காடு. ஆறு மாதத்துக்கு மேல் இல்லத்தில் தங்கியவர்களின் நிலை அதற்குள் வெளியேறியவர்களினும் நன்றாக இருந்தது என்பதும் இவ்வாய்வு வரிசையில் வெளிப்பட்டது. சிகிச்சைக்கே மூன்று, நான்கு வாரங்கள் போதும் என்று கணக்கிடும் திட்ட வகுப்பாளர்கள் இந்த ஆறு மாதத்தைப் பற்றி ஆழ்ந்து சிந்திக்க வேண்டும்.

அக்கம்பக்கத்தாரின் அச்சம் தனியே கருதத்தக்கது, ஏனெனில் எந்த நாட்டிலும் இத்தகைய வீட்டைத் தடுத்து நிறுத்துவது பெரும்பாலும் அதுவே. மனை மதிப்பு குறையும், திருட்டு பெருகும், பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்ற மூன்று வாதங்களும் எங்கும் ஒரே குரலில் எழுகின்றன. ஒரேகன் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரில் ஆக்ஸ்போர்டு இல்லங்களைச் சுற்றிய பகுதிகளையும் அதே அளவில் பிற வீடுகளைச் சுற்றிய பகுதிகளையும் ஒப்பிட்ட ஆய்வில் குற்றங்களின் எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இல்லத்துக்கு அடுத்த வீட்டில் வாழ்வோர், சற்றுத் தள்ளி வாழ்வோரைக் காட்டிலும் இவ்வீடுகளைப் பற்றி நல்லெண்ணம் கொண்டிருந்தனர் என்று ஜேசன் குழுவின் மற்றோர் ஆய்வு காட்டியது. தொலைவில் இருப்பவருக்குத் தெரிவது போதை என்ற சொல் மட்டுமே; அடுத்த வீட்டுக்காரருக்கோ காலையில் வேலைக்குப் புறப்படும் மனிதரைத் தெரியும். நகரத்தின் ஓரத்தில், தொழிற்பேட்டைக்கு அப்பால் இத்தகைய இல்லங்களைத் தள்ளிவைக்கும் கொள்கை இதனாலேயே தவறானது: பழகுவதற்கு வாய்ப்பே இல்லாதபடி செய்துவிட்டுப் பழக அஞ்சுகிறார்களே என்று மக்களைக் குறைகூறுவதில் பொருளில்லை.

இந்த முறையின் குறைகளை மறைப்பது அதற்கு நன்மை செய்வதாகாது. மீண்டும் சறுக்கியவரை அன்றிரவே வெளியேற்றும் விதி பத்துப் பேரைக் காக்கிறது. ஆனால் ஆபத்து உச்சத்தில் இருக்கும் வேளையில் பதினொராவது மனிதரைத் தெருவில் விட்டுவிடவும் கூடும். குறிப்பிட்ட காலம் போதையின்றி இருந்துகாட்டி மீண்டும் விண்ணப்பிக்க அவருக்கு வழி உண்டென்றாலும், அதுவரை அவர் தங்க நச்சுநீக்க மையத்தில் ஒரு படுக்கை காத்திருக்குமாறு ஏற்பாடு இல்லாத ஊரில் இவ்விதி கொடுமையாகிவிடும். அபின் வகைப் போதைக்கு மெத்தடோன், ப்யூப்ரனார்ஃபின் ஆகிய மருந்துகளை மருத்துவர் மேற்பார்வையில் எடுப்போரை, அவர்களும் போதையில்தான் இருக்கிறார்கள் என்று கூறிச் சேர்க்க மறுக்கும் மீட்பு இல்லங்கள் இருந்துவந்துள்ளன. உயிரைக் காப்பவை என்று நிறுவப்பட்ட மருந்துகளை விட்டுவிட்டு வரச் சொல்வது, எவ்வளவு தூய நோக்கத்தோடு செய்யப்பட்டாலும், மன்னிக்கத்தக்கதன்று.

இவற்றினும் பெரிய கேடு, மீட்பு இல்லம் என்ற பெயர் வணிகர் கையில் சிக்குவதாகும். ஃபுளோரிடா மாநிலத்தின் தென்பகுதியில், காப்பீடு வைத்திருக்கும் நோயாளியை இலவச வாடகை காட்டி வீட்டில் சேர்த்து, அவர் பெயரில் சிகிச்சை மையங்கள் காப்பீட்டு நிறுவனத்திடம் பணம் பெற, வீட்டு உரிமையாளருக்குத் தரகு கிடைக்கும் முறை பரவியது. அவர் மீண்டும் போதையில் விழுந்தால் சிகிச்சை முதலிலிருந்து தொடங்கும் என்பதால் அவருடைய வீழ்ச்சியே தரகருக்கு வருமானமாயிற்று. அரிசோனா மாநிலத்தில் பழங்குடியினரைக் குறிவைத்து, அரசு மருத்துவ உதவித் திட்டத்தின் பணத்தைச் சுருட்டிய போலி இல்லங்கள் 2023இல் அம்பலமாயின. ஊரை விட்டு அழைத்துச் செல்லப்பட்ட பழங்குடி மக்கள் பலர் இல்லங்கள் மூடப்பட்டதும் நகரத் தெருக்களில் நின்றனர். சமூகத்தின் துணை என்பதில் கண்காணிப்பும் அடங்கும் என்பதை இந்நிகழ்வுகள் உணர்த்துகின்றன. குடியிருப்போரின் வாடகையிலேயே நடந்து, கணக்கு அவர்கள் கையிலேயே இருக்கும் வீட்டில் இத்தகைய தரகுக்கு இடம் மிகக் குறைவு.

தமிழ்நாட்டுக்கும் இப்பொருளுக்கும் உள்ள தொடர்பு சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப்பொருள் பயன்பாட்டால் விளையும் மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது; அதன் 18ஆம் பிரிவு அரசு வழங்க வேண்டிய சேவைகளில் இடைநிலை இல்லங்களையும் ஆதரவுடன் கூடிய உறைவிடங்களையும் சேர்க்கிறது. குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, போக்கிடம் இல்லை என்ற காரணங்களால் மட்டும் ஒருவரை மருத்துவ நிலையத்தில் தொடர்ந்து வைத்திருக்கக் கூடாது என்று 19ஆம் பிரிவு கூறுகிறது. 2019இல் வெளியிடப்பட்ட தேசிய ஆய்வு, மதுவால் பாதிக்கப்பட்டு உதவி தேவைப்படும் நிலையில் நாட்டில் 5.7 கோடிப் பேர் இருப்பதாக மதிப்பிட்டது. மதுவின் சில்லறை விற்பனையை 2003 முதல் அரசு நிறுவனமே நடத்திவரும் மாநிலத்தில், அந்த விற்பனையால் வீழ்ந்தவர் எழுந்து நிற்பதற்கான வீட்டைப் பற்றிய கடமை அரசுக்கு இரட்டிப்பாகிறது.

அடித்தளம் இங்கே இல்லாமல் இல்லை. 1980இல் சாந்தி ரங்கநாதன் சென்னையில் நிறுவிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை, மருத்துவமனைச் சிகிச்சையோடு நில்லாமல், மஞ்சக்குடி போன்ற கிராமங்களுக்கே சென்று ஊராரின் ஒத்துழைப்போடு குடிநோய்ச் சிகிச்சை முகாம்களை நடத்திக் காட்டியிருக்கிறது. 1989இல் தருமபுரி மாவட்டத்தில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழு இயக்கம், எழுத்தறிவு குறைந்த பெண்களும் முறையாகக் கூட்டம் நடத்தி, தீர்மானம் எழுதி, கடனைத் தவறாமல் திருப்பிச் செலுத்த முடியும் என்பதை மெய்ப்பித்திருக்கிறது. மீட்பு இல்லத்துக்கு வேண்டிய நிர்வாகத் திறன் அதனினும் மேம்பட்டதன்று. குறைவாக இருப்பது வீடு. குடும்பத்தினருக்கு மட்டும் என்ற அறிவிப்புப் பலகை தொங்கும் தெருக்களில், உறவற்ற எட்டு ஆண்கள், அதுவும் குடியிலிருந்து மீள்வதாகச் சொல்லிக்கொள்வோர், வாடகைக்கு இடம் பெறுவது அரிது. பெண்களுக்கோ குடித்தவள் என்ற பழி வீட்டுக்கதவைத் தட்டும் துணிவையே பறித்துவிடுகிறது. எட்மண்ட்ஸ் நகர விதியும் இந்தப் பலகையும் செய்யும் வேலை ஒன்றே.

ஆகவே செய்ய வேண்டியவை பெரும் கட்டடங்களோ புதிய துறையோ அல்ல. மது விற்பனை வருவாயிலிருந்து சிறு பங்கை ஒதுக்கி மாவட்டத்துக்கு ஒரு சுழல்நிதி ஏற்படுத்தி, சிகிச்சை முடித்த ஆறு பேர் சேர்ந்து கேட்டால் முன்பணக் கடன் தரும் ஏற்பாட்டை அரசு செய்ய வேண்டும். சிகிச்சை மையங்கள் ஒவ்வொரு வீட்டுடனும் ஓர் ஆலோசகரைத் தொடர்பில் வைத்து, சறுக்கியவருக்கு அன்றே படுக்கை தர உறுதியளிக்க வேண்டும். அறக்கட்டளைகளும் கோயில், தேவாலய, பள்ளிவாசல் நிர்வாகங்களும் தம் வசமுள்ள வீடுகளில் ஒன்றை, இலவசமாக அன்று, நியாயமான வாடகைக்கு இவர்களிடம் ஒப்படைக்க முன்வர வேண்டும். இலவசம் வாடகைதாரரை மீண்டும் இரவலராக்கிவிடும். வீட்டு உரிமையாளராக இருக்கும் ஒவ்வொருவரும், அடுத்த முறை வாடகைக்கு வருவோர் தம் கடந்தகாலத்தை மறைக்காமல் சொல்லும்போது, அதை மறுப்புக்குக் காரணமாக்காமல் முன்பணத்தைப் பெற்றுக்கொண்டு சாவியைக் கொடுக்க வேண்டும்.